நாகலெட்சுமியின் படங்கு

யோகேஸ்வரன் கங்காணிக்கு வயது நாற்பத்தேழு. மீசைக்கு மட்டும் வாரம் ஒருமுறை மை அடித்து, அதை முப்பதிலேயே நிறுத்தி வைத்திருந்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நின்று அவன் பேர் கூப்பிட ஆரம்பித்தால், தண்ணீர்க் கான் ஓரத்தில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வரிசையில் நிற்கும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கேலி உண்டு. அப்பேர்ப்பட்ட ஆள், சித்திரை வருசப் பிறப்புக்கு முந்திய வாரம், ஆறாம் நம்பர் மலையில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, தன்னைவிடப் பதினொரு வயது இளையவளைப் பிடித்துக்கொண்டு "யம்மா" என்று அழுதான்.

அழுததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பயம் வந்தால் அம்மாவைக் கூப்பிடாத மனுசன் யார்? அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் சங்கதி. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

குளவி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓடக் கூடாது. கூடையைத் தள்ளிவிட்டு, படங்கை அவிழ்த்து, தேயிலைக்கு அடியில் குப்புற விழுந்து, தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கிடக்க வேண்டும். படங்கு என்றால் பெரிய சீமைச் சாமான் இல்லை. மழைக்கும், செடிக்குச்சி குத்தாமல் இருக்கவும் கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த சாக்குத்தான். ஆனால் குளவி வந்த நேரத்தில் அதுதான் வீடு, அதுதான் வாசல்.

கங்காணியிடம் அன்றைக்குப் படங்கு இல்லை. கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போன வருசமே ஆபீசில் கங்காணிமாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். "பொம்பளைங்க கட்டுற சாமான இடுப்புல கட்டிக்கிட்டு நான் மலையில நிக்கவா?" என்று கேட்டு, யோகேஸ்வரன் அதைக் கொண்டுபோய் ஆட்டுக் கொட்டிலுக்கு மறைப்பாகக் கட்டிவிட்டான். ஆடும் நனையவில்லை, கங்காணியின் கௌரவமும் நனையவில்லை.

அன்றைக்குப் பருந்துதான் டர்பன்டைன் மரத்துக் குளவிக் கூட்டில் போய் மோதியதோ, காற்றுத்தான் கிளையை உலுக்கியதோ, யாருக்கும் தெரியாது. "கொழவி! படுங்க, படுங்க!" என்று மேல் நிரையிலிருந்து அம்மாக்கண்ணு கத்தினது மட்டும் எல்லாருக்கும் கேட்டது. அறுபதை நெருங்குகிற அம்மாக்கண்ணுதான் அந்தக் கூட்டத்தில் மூத்தவள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பத்தொன்பது பெண்களும் தேயிலைக்கு அடியில் போய்விட்டார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த மலையில் நின்றுகொண்டிருந்தது யோகேஸ்வரன் ஒருவன்தான்.

முதல் கொட்டு இடது கண் இமையில். இரண்டாவது காதுக்குப் பின்னால். மூன்றாவது எங்கே என்று அவனுக்கு நினைவில்லை. அதற்குள் அங்கே நின்றவன் கங்காணியே இல்லை. ஆறு வயசில் ஒருதரம் இதே மாதிரி குளவி கலைந்தபோது, அவனுடைய அம்மா அவனை வயிற்றுக்கு அடியில் போட்டுத் தன் படங்கால் மூடினாள். ஈரச் சாக்கும் கொழுந்துக் கறையும் வேர்வையும் நாறுகிற அந்த இருட்டுக்குள் எதுவும் வராது. அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

பக்கத்தில் படங்குக்குள் சுருண்டு கிடந்தவள் நாகலெட்சுமி. "யம்மா, யம்மா" என்று அழுதுகொண்டே போய் அந்தப் படங்கைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. "அண்ணே, விடுங்க! பக்கத்துல படுங்கண்ணே!" என்று சாக்குக்குள்ளிருந்து அடக்கின குரலில் சொன்னாள். அவன் இழுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைசியில் படங்கு அவன் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதை மட்டும் அவன் மனசு எங்கேயோ கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டது.

படங்குக்குள் முழங்காலை மடக்கி, கழுத்துத் துண்டின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடந்தான். வெளியே ஒருத்தி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு விழுகிற சத்தம். தன் கால்சட்டை நனைந்து சூடாக இருப்பதும் தெரிந்தது. அப்போதும் அவன் படங்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

குளவி அடங்க இருபது நிமிசம் ஆனது. பெண்கள் தலையைத் தூக்குவதற்கு முன்னால் அவன் எழுந்து, படங்கைச் சுருட்டிக் கானுக்குள் எறிந்தான். கானில் ஓடின தண்ணீரில் தானும் உட்கார்ந்து இடுப்பு வரைக்கும் நனைத்துக்கொண்டான். சட்டியை உடைத்த பிள்ளை துண்டுகளைச் சாம்பலுக்குள் புதைக்குமே, அந்த வேலைதான்.

நாகலெட்சுமி இருபது அடி தள்ளிக் கிடந்தாள். அறுபதுக்கு மேல் கொட்டு. முகம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை. அவள் ஓடின வழியில் படுத்திருந்த மூன்று பெண்களுக்கும் நாலைந்து கொட்டு விழுந்திருந்தது. நாலு பேரையும் கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லொறி போன பிறகுதான், வழியில் அதை மறித்து விசாரித்துவிட்டு, சுமன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். வயது இருபத்தெட்டுத்தான், ஆனாலும் எல்லாருக்கும் ஐயா.

"என்ன கங்காணி நடந்துச்சு? நாகலெட்சுமி ஏன் படங்கு இல்லாமக் கெடந்தாங்க?"

நீ செய்தாயா என்று அவர் கேட்கவே இல்லை. ஆனால் யோகேஸ்வரனின் வாய் முந்திக்கொண்டது. "நான் இல்லைங்க ஐயா. அவதான். அவதான் படங்கத் தூக்கி வீசிட்டு ஓடுனா."

சொல்லும்போதே அவனுடைய ஆள்காட்டி விரல் லொறி போன பாதையைக் காட்டிக்கொண்டிருந்தது. குரல் கீச்சென்று வந்தது. கண் வீங்கி மூடியிருந்ததால் அவன் அழுவது யாருக்கும் தெரியவில்லை.

"ஆமாங்க ஐயா," என்று அம்மாக்கண்ணுவும் சேர்ந்துகொண்டாள். "யம்மா யம்மான்னு கத்துனது எங்களுக்கும் கேட்டுச்சு. பச்சப்புள்ள கணக்கா! நாகலெட்சுமிக்கு இம்புட்டுப் பயமான்னு படங்குக்குள்ள கெடந்துகிட்டே நெனச்சேன்."

மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். பொய் சொல்லவில்லை பாவம், அவர்களுக்குக் கேட்டது அதுதான். எல்லாருமே சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தவர்கள். கண்ணால் கண்டது இரண்டே பேர். ஒருத்தி லொறியில் போய்விட்டாள், இன்னொருவன் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

சுமன் கானுக்குள்ளிருந்து படங்கை எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். குளவிக்கு ஓடினால் படுத்திருக்கிறவர்களுக்கும் ஆபத்து. அதனால் ஓடினவளுக்கு ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாட்களுக்குப் பேர் விழாது, வேலை செய்ததாகக் கணக்கில் வராது என்று அந்தத் தோட்டத்தில் ஒரு சட்டம். "அவங்க வந்ததும் கையெழுத்து வாங்கி அறிக்கை அனுப்பணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பேர் விழாதது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், மூன்று பெண்களைக் கொட்டவைத்த பயந்தாங்கொள்ளி என்று நாகலெட்சுமியின் பேரே தோட்டம் முழுக்கக் கெட்டுப்போனது. லயத்து வரிசை வீடுகளில் யாராவது எலியைப் பார்த்துக் கத்தினால், "என்னடி நாகலெட்சுமி மாதிரிக் கத்துற?" என்று கேட்கிற அளவுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது.

வீட்டில் யோகேஸ்வரன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவன் படுத்தவன்தான். கொட்டு நாலே நாலு. வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஆள் மட்டும் எழும்பவில்லை.

"சோறு போட்டிருக்கேன், எந்திரிச்சுச் சாப்பிடுங்க," என்றாள் அவன் மனைவி வினோதா.

"நீ பெசஞ்சு குடு."

"கையில என்ன கொழவியா கொட்டுச்சு?"

"நீ பெசஞ்சு குடு, இல்லாட்டி எனக்கு வேணாம்," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வினோதா தட்டை எடுத்தாள். நோவில் கிடக்கிற மனுசன்தானே என்று பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். மூன்றாவது உருண்டையில் தன்னை நினைத்து அவனுக்கே குமட்டியது. ஒரு கலியாணமான மகள், கினிகத்தேனையில் ஒரு பேரப்பிள்ளை, கன்னத்தில் உருளைக்கிழங்கு மாதிரி அதக்கின சோறு! வெட்கம் தாங்காமல் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். கம்பளிக்குள் போனதும் துண்டு நுனி தானாக வாய்க்கு வந்தது. வெட்கம் வரும், வந்ததும் ஒளிவான், ஒளிந்ததை நினைத்து மறுபடியும் வெட்கம் வரும். நாலு நாளாக இதேதான் பிழைப்பு.

அம்மாக்கண்ணு பார்க்க வந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் யோகேஸ்வரன் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நான் இல்லைன்னு சொல்லு" என்று வினோதாவுக்குச் சைகை காட்டினான். இரண்டு அறை லயத்துக் காம்பராவில் கதவுக்குப் பின்னால் நின்றால் கால் தெரியாதா? அம்மாக்கண்ணு அந்தக் காலைப் பார்த்தாள், வினோதாவைப் பார்த்தாள், கொண்டுவந்த முட்டை இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வினோதாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் நாகலெட்சுமியைப் பார்த்துவர வேண்டும் என்று அவள் சேலை மாற்றி நின்றபோது, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"வினோதா, வயிறு வலிக்குது."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

"நம்ம மக சுலக்ஷனா நாலாம் வகுப்பு படிக்கிறப்ப, கணக்குச் சோதனை அன்னைக்கு வருமே, அந்த வலியா?" என்று வினோதா கேட்டாள். குரலில் சிரிப்பு இல்லை. "இந்தாங்க, நானும் அஞ்சு நாளாப் பாக்குறேன். மலையில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். ஒங்களுக்குக் கீழ வேலை செஞ்ச பொம்பளை செத்துப் பொழைச்சுக் கெடக்குறா. சட்டையப் போடுங்க."

போட்டான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, டிக்கோயா வரும் வரைக்கும் கண்ணாடியில் மூச்சை ஊதி ஊதி விரலால் அழித்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரி வாட்டில் நாகலெட்சுமி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்தான் திறந்திருந்தது. புருசன் கொழும்பில் கட்டட வேலை, அன்றைக்கு வரமுடியவில்லை. பிள்ளைகள் இரண்டும் அக்கா வீட்டில். வாங்கிப் போன பிஸ்கட் பக்கற்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, வினோதா போத்தலை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் வாங்கப் போனாள்.

யோகேஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். நாகலெட்சுமி தண்ணீர்க் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, வீக்கத்துக்கு நடுவில், பிறை மாதிரி வளைந்து ஒரு வடு. அதற்கு எதிரே இன்னொரு பிறை. குளவி வரிசை வைத்துக் கொட்டாது.

பூட்டி வைத்தது திறந்துகொண்டது. அவள் விடாமல் பிடித்திருந்தாள். அவன் குனிந்து கடித்தான். உப்பும் கொழுந்துக் கசப்புமாக அந்தத் தோல் அவன் வாய்க்குள் இருந்தது. அவள் "ஆ" என்று கையை உதறினதும் படங்கு அவனிடம் வந்தது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. விக்கி விக்கி, மூக்கொழுக.

"அழுவாதீங்கண்ணே," என்றாள் நாகலெட்சுமி. உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை தடித்து வந்தது. "மருந்து கட்டுற மிஸ்ஸி கேட்டாங்க, பல்லுப் பட்ட காயமான்னு. வலி தாங்காம நானே கடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன். எங்க சின்னவனும் பயந்தாக் கடிச்சுருவான். அதுக்காகப் புள்ளைய அடிக்கவா முடியும்? கண்ணத் தொடைங்க. இந்தாங்க, இதச் சாப்பிடுங்க." பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் எடுத்தான். சாப்பிட்டான். சேர்த்து வைத்த நாலு வார்த்தையும் பிஸ்கட்டோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. வினோதா திரும்பி வந்தபோது பக்கற்றில் பாதி இல்லை.

"அட, கேடுகெட்ட மனுசா! நோயாளிக்கு வாங்கினத நீங்களா திங்கிறீங்க?"

"விடுங்கக்கா, நான்தான் குடுத்தேன்," என்று சொல்லி நாகலெட்சுமி கோணிய உதட்டால் சிரித்தாள்.

அன்று ராத்திரி அவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். ஐந்து நாளுக்குப் பிறகு முதல் தூக்கம். விடிந்து எழுந்தபோதுதான் சுருக்கென்று தைத்தது. அவள் அறுபது கொட்டோடு புரளமுடியாமல் கிடக்கிறாள், நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாய். தோட்டமே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதியில் நீ தூங்கினாய். அன்றைக்கே பெரட்டுக்குப் போனான். பேர் கூப்பிட்டான். நாகலெட்சுமியின் பேர் வந்த இடத்தில் புத்தகத்தில் விரலை வைத்து நின்றான். அடுத்த நிரையில் ஒருத்தி, "அவதான் யம்மாகிட்டப் போயிட்டாளே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும் வரை நின்றுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டான். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவான். நாகலெட்சுமியே சொல்லமாட்டேன் என்கிறாளே, நமக்கென்ன வந்தது என்று திரும்புவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதுதான் கஷ்டம் என்பார்கள். சோற்றுக்காரியே மறைத்துத் தந்தால்?

வருசப் பிறப்பு முடிந்து ஒரு வாரத்தில் நாகலெட்சுமி வேலைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இடது கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடைகளோடு எல்லாப் பெண்களும் கூடியிருந்தார்கள். வேறு கூட்டத்தில் வேலை செய்கிற வினோதாவும் வரிசையில் நின்றாள். சுமன் தராசுக்குப் பக்கத்து மேசையில் கடதாசியை விரித்து வைத்தார்.

"நாகலெட்சுமி, வாங்க. படங்க வீசிட்டு ஓடுனேன்னு எழுதியிருக்கு. வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. வேற ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லலாம்."

அவள் கடதாசியைப் பார்த்தாள். யோகேஸ்வரனைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்லைங்க ஐயா. பேனாவத் தாங்க," என்றாள்.

"என்னத்தச் சொல்லுவா?" என்று அம்மாக்கண்ணு ஆரம்பித்தாள். அவள் கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. கூடையைத் தலையில் கவிழ்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "யம்மா! யம்மா!" என்று கீச்சுக் குரலில் நடித்துக் காட்டினாள். மடுவமே கொல்லென்று சிரித்தது. கொட்டு வாங்கின மூன்று பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை, முறைத்தார்கள். நாகலெட்சுமியும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வராமல் கன்னம் மட்டும் இழுத்துக்கொண்டது.

யோகேஸ்வரனுக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. தன் அழுகையைத் தன் கண்முன்னாலேயே அவள் முகத்தில் ஒட்டி விளையாடுகிறார்கள். கை தானாகக் கழுத்துத் துண்டுக்குப் போய், நுனியைப் பிடித்து, வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் வரிசையில் நின்ற வினோதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். துண்டைக் கழுத்திலிருந்து உருவித் தராசு மேடையில் வைத்தான்.

"அது அவ சத்தம் இல்ல," என்றான். குரல் கீச்சென்றுதான் வந்தது. யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மாக்கண்ணக்கா, நிப்பாட்டுங்க. அது நாகலெட்சுமி சத்தம் இல்ல. யம்மான்னு கத்துனது நான்."

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள், கங்காணி தமாசு பண்ணுகிறான் என்று. சுமன் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ படங்க வீசல, ஐயா. மூடிக்கிட்டு ஒழுங்காத்தான் படுத்திருந்தா. நான்தான் புடுங்குனேன். அவ விடல. கையக் கடிச்சுப் புடுங்குனேன்." அது பெரட்டுக் குரலும் இல்லை, அழுகைக் குரலும் இல்லை. சும்மா ஒரு மனுசன் பேசுகிற குரல். "கடிச்ச தடம் இன்னும் அவ கையில இருக்கு. அதுக்குள்ள நான் படுத்துக்கிட்டேன். மூத்திரம் போயிட்டேன். அப்புறம் நான்தான் படங்கக் கானுக்குள்ள வீசினேன். ஒங்ககிட்டப் பொய் சொன்னதும் நான்தான்."

அம்மாக்கண்ணு தூக்கிப் பிடித்த கூடையை மெதுவாக இறக்கி வைத்தாள். வினோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஒருத்தி "சீ" என்றாள். அந்தச் "சீ" அவன் முதுகில் சில்லென்று இறங்கியது. அத்தனை பெண்களுக்கு முன்னால் துணி அவிழ்ந்து நின்றால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

"இத எழுதினா நீங்க கங்காணியா இருக்கேலாது. தெரியுந்தானே?" என்று சுமன் கேட்டார்.

"தெரியும் ஐயா. எழுதுங்க. அவளுக்குப் பேர் போடுங்க."

சுமன் கடதாசியைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்தார். யோகேஸ்வரன் நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினான். அவளைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவள் காலைப் பார்த்தான்.

"ஏண்ணே?" என்றாள் அவள். "நான்தான் சொல்லமாட்டேன்னு சொன்னேனே. எதுக்கு இப்பச் சொன்னீங்க?"

"நான் புள்ள இல்ல, தங்கச்சி."

நாகலெட்சுமி பேனாவை மேசையில் வைத்தாள். திறந்த கண்ணிலும் திறக்காத கண்ணிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது.

"அம்புட்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒங்க மேல எனக்குக் கோவமே வரல," என்றாள். "பயந்த புள்ளைகிட்ட என்னத்தக் கோவிக்கிறதுன்னு கெடந்தேன். இப்ப வருது பாருங்க. இப்பத்தான் வருது. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஓடுறப்ப அதுங்க பேரச் சொல்லிக்கிட்டுத்தான் ஓடுனேன். செத்துருவேன்னு நெனச்சேன். நீங்க உள்ள கெடந்தீங்க. ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்தப் படங்கத் தூக்கிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பெரிய மீசை! பெரிய கங்காணி! இத்தன நாளா என்னைய ஊரே சிரிக்கிறப்ப பேர் கூப்பிட்டுக்கிட்டு நின்னீங்களாமே? சோறு எறங்குச்சா ஒங்களுக்கு?"

அவன் தலை இன்னும் தாழ்ந்தது.

"தலையக் குனியாதீங்க," என்றாள் நாகலெட்சுமி. "திட்டுனாத் தலையக் குனியிறது புள்ளைங்க. புள்ள இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க? என்னையப் பாருங்க. பாத்துக் கேளுங்க."

அவன் நிமிர்ந்தான். பாதி மூடின அந்தக் கண்ணை, வீங்கி வற்றித் தோல் உரிந்த அந்தக் கன்னத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். தராசில் யாருடைய கூடையோ எடுப்பாரில்லாமல் தொங்கியது. அவள் மனசிலிருந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டித் திட்டினாள். அவன் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்று, அவள் முடிக்கும் வரை கேட்டான்.